தன்னந்தனியாகத் தேர் இழுத்த குதிரை

ஒரு காலத்தில் கீழப்புன்னை என்ற ஊரில் தேரோட்டம் நடந்தது. அன்று அங்கே இருந்தவர்கள் இவர்கள்.

தேர் ஒன்று. மரச் சக்கரங்கள் நான்கு. வடங்கள் இரண்டு. சக்கரத்தைப் பின்னாலிருந்து கிளப்பிவிடும் நெம்புதடிகள் இரண்டு. சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் முட்டுக்கட்டைகள் நாற்பத்திரண்டு. தேரின் முகப்பில் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பாய்கிற மாதிரி நிற்கும் மரக்குதிரை ஒன்று. முன்பு இரண்டு இருந்தன, மற்றதைக் கறையான் தின்றுவிட்டது. தட்டுவண்டியில் கட்டிய ஒலிபெருக்கி ஒன்று. மனிதர்களில், கட்டை போடுகிற தவசி, தர்மகர்த்தா குழந்தைவேலு, முனைவீட்டுச் செங்கமலம், வடம் பிடித்தவர்கள் முந்நூற்றுப் பதினாறு பேர். வடத்தைத் தொட்டபடி படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டவர்களைச் சேர்க்கவில்லை. தேருக்குள் சாமியும் இருந்தார். அவரைக் கணக்கில் சேர்ப்பது வழக்கமில்லை.

தேருக்குத் திருப்புகிற சக்கரம் கிடையாது, பிரேக்கும் கிடையாது. வடம் இழுக்கும், அவ்வளவுதான். திரும்ப வேண்டுமென்றால் ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டையைக் கொடுக்க வேண்டும். நிற்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டும். கட்டை புளியமரத்தில் செய்தது. தேர் ஏறினால் சில கட்டைகள் தழும்போடு தப்பிக்கும், பல கட்டைகள் நார் நாராகப் போய்விடும். போனவற்றுக்குப் பதிலாக ஒவ்வொரு வருஷமும் புதிதாக வெட்டி வைப்பார்கள்.

கீழப்புன்னையில் மூன்று தெருக்கள் சமதரை. நான்காவது தெரு சரிவு. சரிவின் அடியில், தேர் திரும்புகிற முனையில், செங்கமலத்தின் வீடு இருந்தது. ஒரே அறை. தெருவைப் பார்த்து ஒரு சுவர், அந்தச் சுவரில் ஒரு ஜன்னல். அந்தச் சுவரில்தான் கூரை உட்கார்ந்திருந்தது.

காலையில் தேர் புறப்படுவதற்கு முன் செங்கமலம் மோர்ப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வடம் பிடிக்கிறவர்களுக்கு வருஷா வருஷம் அவள்தான் மோர் கொடுப்பாள். மாட்டைக் கறப்பதும் அவள், கடைவதும் அவள், சுமப்பதும் அவள், டம்ளர் கழுவுவதும் அவள்.

"தவசி, இந்த வருஷமும் என் சுவரை முழுசா விட்டுருவியாப்பா?"

"கட்டை இருக்கிற வரைக்கும் சுவர் இருக்கும்க்கா," என்றான் தவசி. "சரிவு மட்டும் இருபது கட்டைக்குக் குறையாம தின்னும். அதுக்கு வச்சுட்டுத்தான் மத்த தெருவுக்கே செலவழிப்பேன்."

கட்டைகளில் மூளி என்று ஒன்று இருந்தது. மூன்று தேரோட்டம் பார்த்த கட்டை. ஒரு மூலை பெயர்ந்து, முதுகில் சக்கரத் தழும்போடு இருக்கும். அது சொன்னது: "ஏக்கா, எங்க உசுருக்கு உறுதி சொல்ல ஆள் இல்ல. உன் சுவருக்கு மட்டும் கேக்குற பாரு."

"உனக்கும் சேர்த்துத்தான் மோர் ஊத்துறேன்," என்று செங்கமலம் அதன்மேல் கொஞ்சம் மோர் தெளித்தாள். மற்ற கட்டைகள் சிரித்தன.

அந்தச் சமயத்தில் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தது.

"பழுதடைந்து கிடந்த இந்தத் தேரைத் தன்னந்தனியாகச் சீர்செய்து ஓடவைத்த தர்மகர்த்தா குழந்தைவேலு அவர்களே!"

தர்மகர்த்தா கண்ணை மூடிக்கொண்டு கையைக் கூப்பினார். தேரைச் செதுக்கிப் பூட்டிய தச்சர்கள் எட்டுப்பேரும் அவருக்குப் பின்னால் நின்று கை தட்டினார்கள்.

மரக்குதிரைக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. "அது என்ன, தன்னந்தனியாக?" என்று ஒலிபெருக்கியைக் கேட்டது.

"பெரிய மனிதர்களுக்கு உரிய சொல்," என்றது ஒலிபெருக்கி. "ஒரு காரியத்தை நூறு பேர் செய்தால் அதில் ஒருவருக்கு இதைப் போடுவோம். போன மாதம் கோபுரத்துக்கு வெள்ளையடித்தார்களே, அதைத் தன்னந்தனியாகச் செய்தவர் தர்மகர்த்தா."

"அவரா சாரத்தில் ஏறினார்?"

"ஏறியது ஆட்கள். பக்கத்து ஊர் டாக்டருக்கு விழா எடுத்தபோதும் இதைத்தான் போட்டேன். தன்னந்தனியாக ஐந்நூறு பிரசவம்."

"பெத்தவங்க?" என்று முன்பக்கத்து இடது சக்கரம் குறுக்கே கேட்டது.

"அவர்களும் கூட இருந்தார்கள்."

சக்கரம் விடவில்லை. "சரி, நிசமாவே ஒருத்தர் எல்லாத்தையும் ஒத்தையா செஞ்சா? இந்தா, மோர்ப்பானை தூக்கிட்டு வருதே, அது மாதிரி?"

"அதற்கு இந்தச் சொல்லைப் போடுகிற வழக்கம் இல்லை," என்றது ஒலிபெருக்கி. "பாவம், துணைக்கு ஆள் இல்லை என்று சொல்வோம்."

குதிரை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு கழுத்தை நிமிர்த்தியது. அது எப்போதும் நிமிர்ந்தேதான் இருந்தது, செதுக்கியது அப்படி. ஆனால் இப்போது மனசாலும் நிமிர்த்தியது.

"இந்தத் தேரைத் தன்னந்தனியாக இழுப்பது நான்," என்றது.

வடங்களில் பெரிய வடம் நெளிந்தது. "நீயா? உன்னையே நாலு ஆணி அடிச்சுத் தேரோட ஒட்டி வச்சிருக்காங்க. உன்னையும் சேர்த்துத்தான் நாங்க இழுக்கிறோம்."

"நீ என்ன இழுக்கிறாய்? நான் பாயும்போது எனக்கு முன்னால் போய் விழுகிற கயிறு நீ."

"அப்ப, என்னைப் பிடிச்சுட்டு முன்னால ஓடுறாங்களே முந்நூறு பேரு?"

"என் வேகத்துக்குப் பயந்து ஓடுகிறார்கள். தடுக்கி விழாமல் இருக்கக் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள்."

இத்தனை வருஷமாகப் பெரிய வடத்துக்கு இப்படி ஒரு கோணம் தோன்றியதே இல்லை.

தேர் புறப்பட்டது. முதல் தெருவிலேயே ஒலிபெருக்கி, வேறு ஒன்றும் சொல்ல இல்லாததால், "தன்னந்தனியாகப் பாய்ந்து வருகிறது நம் தேர்க்குதிரை!" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. முந்நூற்றுப் பதினாறு பேரும் வடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு தாங்களும் கை தட்டினார்கள். அதுவரை தேர் நின்றது. ஏன் நின்றது என்று குதிரை யோசிக்கவில்லை.

ஆனால் அதற்கு ஒரு குறை இருந்தது. தான் பாய்கிற ஒவ்வொரு முறையும் கீழே ஏதோ ஒன்று தடுக்கிறது. குனிந்து பார்க்கக் கழுத்து வளையாது. சத்தம் மட்டும் கேட்டது. தவசி ஓடிவருவான், "ஹோய்" என்று குரல் கொடுப்பான், கட்டையை உள்ளே தள்ளுவான், தேர் முனகிக்கொண்டு திரும்பும் அல்லது நிற்கும். மூன்று தெருக்கள் முடிவதற்குள் ஒன்பது கட்டைகள் நசுங்கிப்போயின.

மூன்றாவது தெருவின் முடிவில், சரிவு தொடங்கும் இடத்தில், தேரை நிறுத்தி எல்லாரும் மோர் குடித்தார்கள். தர்மகர்த்தா மட்டும் குடிக்கவில்லை. தேர் நிலைக்கு வந்து சேருகிற இடத்தில் பெரிய விருந்தாளி ஒருவர் பட்டுச் சால்வையோடு காத்துக்கொண்டிருந்தார். நேரமாகிறது, நான் கிளம்புகிறேன் என்று இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். விருந்தாளி போனால் சால்வையும் போய்விடும்.

"ஏம்பா இவ்வளவு நேரம்?" என்று தர்மகர்த்தா சத்தம் போட்டார்.

குதிரை மேலேயிருந்து பதில் சொன்னது. "ஐயா, நான் தன்னந்தனியாக இழுக்கிறேன். இந்தக் கட்டைகள் தன்னந்தனியாகத் தடுக்கின்றன."

"நாங்க முப்பத்து மூணு பேர் மிச்சம் இருக்கோம்," என்றது மூளி. "எங்களுக்கு அந்தச் சொல் வேண்டாம். ரொம்ப இறுக்கும்."

தர்மகர்த்தா கட்டைகளைப் பார்த்தார். பெயரே முட்டுக்கட்டை. ஒரு நல்ல காரியத்தில் இப்படிப்பட்ட பெயர் உள்ளவர்களுக்கு என்ன வேலை என்று அவருக்குத் தோன்றியது.

"தவசி, இதையெல்லாம் எடுத்து ஓரமாப் போடு."

"ஐயா, இனிமேத்தான் சரிவுங்க."

"சரிவுன்னா இன்னும் சுலபம்தானப்பா. தேர் தானா வரும்."

"அதாங்க பயமா இருக்கு. தானா வந்துரும்."

"தேர் இழுக்கிறவன் நானா, நீயா?"

தவசி சுற்றிப் பார்த்தான். இந்தக் கேள்விக்குக் குதிரைக்கும் ஒரு பதில் இருந்தது, வடத்துக்கும் ஒரு பதில் இருந்தது. அவன் முப்பத்து மூன்று கட்டைகளையும் தள்ளுவண்டியில் ஏற்றினான். ஓரமாகப் போடு என்றுதான் உத்தரவு. எந்த ஓரம் என்று சொல்லவில்லை. சரிவில் வண்டியை இறக்கிக்கொண்டுபோய் முனைவீட்டு வாசலில் இறக்கினான்.

காலிப் பானையோடு அவன் பின்னாலேயே வந்த செங்கமலம் அதைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"கட்டை எல்லாம் இங்க இருந்தா, அங்க சக்கரத்துக்கு யாரு இருக்கா?"

"குதிரை இருக்குதாம்க்கா."

அவள் பானையைக் கீழே வைத்தாள். வீட்டுக்குள் போய்ச் சாமான்களை எடுக்கலாமா என்று பார்த்தாள். எடுத்து என்ன செய்ய, கூரையை எடுக்க முடியாதே என்று நினைத்து அங்கேயே நின்றாள்.

மேலே நெம்புதடிகள் சக்கரத்தைக் கிளப்பின. வடம் இறுகியது. தேர் சரிவில் ஒரு சாண் இறங்கியது. பிறகு வடம் தளர்ந்தது.

வடம் பிடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இழுக்காமலே தேர் வந்துகொண்டிருந்தது. முதலில் நடந்து வந்தது. அப்புறம் நடக்கவில்லை. முந்நூற்றுப் பதினாறு பேரும் வடத்தைப் போட்டுவிட்டு இரண்டு பக்கத்து வாசல்களிலும் ஏறிக்கொண்டார்கள். தர்மகர்த்தா எல்லாருக்கும் முன்னால் ஏறினார். ஒருவருக்கும் அடிபடவில்லை.

"இழுக்கத்தான் நாங்க," என்றது தெருவில் கிடந்த பெரிய வடம். "பின்னால இருந்து பிடிக்க எங்களை யாரும் கட்டல."

குதிரைக்கு அவ்வளவு சந்தோஷம் வாழ்நாளில் வந்ததில்லை. "பார்த்தீர்களா! கயிறும் இல்லை, ஆளும் இல்லை, கட்டையும் இல்லை. தன்னந்தனியாக!"

"தன்னந்தனியாக!" என்று ஒலிபெருக்கியும் கத்திவிட்டு, தன் தட்டுவண்டியைச் சந்துக்குள் ஒதுக்கிக்கொண்டது.

அப்போது குதிரை சுவரைப் பார்த்தது.

வெள்ளைச் சுவர். நடுவில் ஒரு ஜன்னல். முதலில் சிறியதாக இருந்தது, பிறகு அவ்வளவு சிறியதாக இல்லை. முன்னால் இருப்பவர்தான் முதலில் போய்ச் சேருவார் என்பது குதிரைக்கு அன்றுதான் விளங்கியது.

"யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டது.

"இங்க யாரும் இல்லீங்க," என்றது வாசலில் கிடந்த மூளி. "கொஞ்சம் கட்டைதான் கிடக்கு. நீங்க தன்னந்தனியா வர்றீங்கன்னு அறிவிப்பு கேட்டோம். தொந்தரவு பண்ண வேண்டாம்னு ஒதுங்கியிருக்கோம்."

"ஐயோ, வாருங்கள்! எல்லாரும் வாருங்கள்!"

"அக்கா," என்றான் தவசி, "இடது சக்கரம் எனக்கு. வலது சக்கரத்துக்கு ஆள் இல்ல."

செங்கமலம் சேலையை இழுத்துச் செருகினாள். அவன் கட்டை போடுவதை இத்தனை வருஷமாகத் தன் வாசலில் நின்று, தன் சுவருக்காக, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தவள் அவள். குறுக்கே வைக்கக் கூடாது, சாய்த்து வைக்க வேண்டும். வைத்ததும் கையை எடுத்துவிட வேண்டும்.

"ஹோய்!" என்றான் தவசி.

முதல் கட்டை இடதில் போனது. தேர் அதை அப்பளமாக நொறுக்கிவிட்டு வந்தது. வலதில் ஒன்று. அதையும் நொறுக்கியது. இடது, வலது, இடது, வலது. கட்டைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. "அடுத்து நான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போயின. சக்கரங்கள் "எங்களை மன்னிச்சிருங்க, எங்களால நிக்க முடியல" என்று ஒவ்வொரு கட்டையிடமும் சொல்லிவிட்டு ஏறின. பத்துக் கட்டைக்கு மேல் போன பிறகு தேர் ஓட்டத்திலிருந்து நடைக்கு வந்தது. இன்னும் பத்துப் போன பிறகு நடையிலிருந்து தவழ்வதற்கு வந்தது. ஆனாலும் வந்தது.

தவசியின் பக்கம் தேர் நின்றுவிட்டது. வலது பக்கம் மட்டும் சுவரைப் பார்த்து மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. செங்கமலம் கையை நீட்டியபோது கையில் வந்தது மூளி.

"உன்னையா?" என்றாள்.

"வேற ஆள் தேட நேரம் இல்லக்கா. வை. சாய்ச்சு வை."

அவள் வைத்தாள். கையை எடுத்தாள். சக்கரம் மூளியின்மேல் பாதி ஏறியது. டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. தேர் நின்றது.

சுவருக்கும் தேருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருந்தது. குதிரையின் தூக்கிய கால்களில் ஒன்று மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே போய், கம்பியில் பட்டு முறிந்து, செங்கமலத்தின் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. சுவர் நின்றது. கூரை நின்றது.

பிறகு சந்துக்குள்ளிருந்து ஒலிபெருக்கி வெளியே வந்தது.

"பக்தகோடிகளே! ஓடிவந்த தேரைத் தன் ஒரு காலைக் கொடுத்துத் தன்னந்தனியாக நிறுத்திய தியாகக் குதிரை!"

ஆரவாரம் எழுந்தது. குதிரைக்கு மறுக்கத் தோன்றவில்லை. யோசிக்க யோசிக்க அதற்கே அப்படித்தான் நடந்தது போலிருந்தது.

"இருக்கட்டும்," என்று தர்மகர்த்தா வாசலிலிருந்து இறங்கி வந்தார். "அந்தக் குதிரையை அங்கே பூட்டச் சொன்னது யார்? நான் ஒரே ஆளாக முடிவெடுத்தேன்."

"நிறுத்தியது என் கால்," என்றது குதிரை.

"கால் வைக்க அனுமதித்தவன் நான்."

ஒலிபெருக்கிக்கு இருவரையும் பகைக்க மனமில்லை. "குதிரையும் தர்மகர்த்தாவும் தன்னந்தனியாகச் சேர்ந்து!" என்று திருத்திச் சொன்னது. இருவருக்கும் திருப்தி. கூட்டத்திலும் யாருக்கும் அது நெருடவில்லை.

பிறகு எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள். நெம்புதடிகள் தேரைப் பின்னுக்கு எடுத்துக் கொடுத்தன. வடங்கள் எழுந்தன. முனையில் திரும்பினால் அப்புறம் சமதரைதான். தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது. விருந்தாளி சால்வையைப் பாதி குதிரையின் கழுத்திலும் பாதி தர்மகர்த்தாவின் தோளிலும் விழுகிற மாதிரி போட்டார். படம் எடுத்தார்கள். தர்மகர்த்தா ஓர் அறிவிப்பும் செய்தார். நம் குதிரையின் பெருமை தெரிந்துவிட்டபடியால், வருகிற வருஷம் புதிதாகக் கட்டை வெட்ட வேண்டியதில்லை. குதிரைக்கு ஒரு கால் செய்து பொருத்தினால் போதும். மிச்சமிருக்கிற கட்டைகள் ஒரு பேச்சுக்கு இருக்கட்டும்.

அந்த அறிவிப்பு சரிவின் அடியில் முனைவீட்டு வாசலிலும் கேட்டது. செங்கமலம் தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். தேர் போன தடம் முழுக்க நார், சிராய், தூள். அவளுடன் பெருக்க வேறு யாரும் வரவில்லை. போகிற போக்கில் ஒருவர் பார்த்துவிட்டு, "பாவம், துணைக்கு ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தவசி முழுசாக இருந்த கட்டைகளைத் தூசி தட்டிச் சுவரோரமாக அடுக்கினான்.

"சரிவு எத்தனை தின்னும்னு சொன்ன, தவசி?"

"இருபதுக்குக் குறையாதுக்கா."

அவள் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே ஒரு விரிசல் புதிதாக ஓடியிருந்தது. பிறகு குனிந்து தூளிலிருந்து ஒன்றை எடுத்தாள். ஒரு மூலை முன்பே பெயர்ந்த கட்டை. இப்போது அந்தப் பெயர்ந்த பக்கத்துப் பாதிதான் இருந்தது.

"இதையும் சேர்த்து வைக்கலாமா?"

தவசி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பாதிக் கட்டை சக்கரத்துக்கு நிக்காதுக்கா," என்று அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

அவள் அதை அடுப்பில் போடவில்லை. விரிசலுக்குக் கீழே, சுவருக்கு முட்டாகச் சாய்த்து வைத்தாள்.

மிச்சம் இருந்த கட்டைகள் பத்து. மூளியைச் சேர்க்கவில்லை.